எழுத மறுக்கும் கை
பொட்டுலினம் ஊசிமருந்து பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை



மாத்தளையிலிருந்து யாழ்ப்பாண வீதி வழியாகத் தம்புள்ளைப் பக்கம் போகும்போது இரண்டு மைல் தூரத்தில் அலுவிகாரை வருகிறது. பெரிய பாறைகளும் அவற்றின் இடுக்கில் குகைகளும் உள்ள இடம். அதுவரை வாய்வழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பார்கள். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தை ஆங்கிலேயர் அடக்கியபோது இங்கிருந்த ஏடுகள் பெரும்பாலும் அழிந்தன. பிற்காலத்தில் மீண்டும் எழுதத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே போகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுவதுண்டு. பதப்படுத்திய ஓலையை இடக்கையில் ஏந்தி, இடது பெருவிரலால் எழுத்தாணியைத் தாங்கி, வலக்கையால் கீறுவார்கள். கீறும்போது ஒன்றும் தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்த பிறகே எழுத்துக் கறுப்பாகத் தெளிந்து வரும்.

பாடசாலைச் சுற்றுலாவில் நம் பிள்ளைகளும் அங்கே போவதுண்டு. ஏட்டைப் பார்க்கும் அவர்கள், அதை எழுதும் கையையும் ஒரு நிமிடம் பார்த்தால் நல்லது. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இருந்துகொண்டு, கயிறு போன்ற தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. ஒரு தசை இறுகும்போது அதற்கு எதிரான தசை தளர்ந்து கொடுக்கவேண்டும். ஒரு ‘அ’ எழுதி முடிப்பதற்குள் இந்த இறுக்கமும் தளர்வும் பலமுறை மாறி மாறி நடந்துவிடும். இறுகு என்றும் தளர் என்றும் சொல்வது மூளை.

அந்தக் கட்டளை பிழைத்துப் போனால் என்ன நடக்கும்?

ஓர் இலிகிதரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர் பெற்றவர். ஒரு நாள் பேனையைப் பிடித்ததும் ஆள்காட்டி விரல் தானாக இறுகுகிறது. மணிக்கட்டு வளைகிறது. பேனை தாளைக் கிழிக்கிறது. கையை உதறிவிட்டு மீண்டும் எழுதப் பார்க்கிறார். இரண்டாவது வரியிலேயே பழைய கதை. ஆனால் அதே கையால் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறார், சோறு பிசைகிறார், பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறார். அதற்கெல்லாம் ஒரு தடையுமில்லை. கந்தோரில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? வேலைக்கள்ளம் என்பார்கள். குடிப்பழக்கமோ என்று சந்தேகிப்பார்கள். வீட்டிலும் யாராவது “மனசிலே ஏதோ கவலை” என்று முடித்துவிடுவார்கள்.

இது நடிப்பு இல்லை, சோம்பலும் இல்லை. எழுதுவோர் கைப்பிடிப்பு என்று சொல்லக்கூடிய ஒரு நோய் இது. இத்தாலிய வைத்தியர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி தொழிலாளரின் நோய்கள் பற்றி எழுதிய நூலில் 1713ஆம் ஆண்டு சேர்த்த பகுதியிலேயே எழுத்தர்களின் கை படும் பாட்டைச் சொல்லியிருக்கிறார். தமக்குத் தெரிந்த ஒரு நொத்தாரிசின் வலக்கை செயலிழந்து போக, அவர் பாடுபட்டு இடக்கையால் எழுதப் பழகினாராம். சிறிது காலத்தில் அந்தக் கைக்கும் அதே கதி நேர்ந்ததாம். ஆனாலும் வெகுகாலம் இதை மனநோய்க் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். 1982இல் இலண்டனில் ஷீஹி, மாஸ்டன் என்ற இரு வைத்தியர்கள் இந்நோயாளரை முறையாகப் பரிசோதித்து, இது மூளையிலிருந்து தசைகளுக்குப் போகும் கட்டளை பிழைப்பதால் வருவது என்று எடுத்துக் காட்டினார்கள். இந்த வகை நோய்க்கு டிஸ்டோனியா என்று பெயர்.

கைக்கு மட்டும் வருவது என்று எண்ணவேண்டாம். கண்ணிமைகளுக்கு வந்தால் இரு கண்களும் விருப்பமின்றி இறுக மூடிக்கொள்ளும். பார்வை நன்றாக இருந்தும் வீதியைக் கடக்க முடியாது. பார்ப்பவர்கள் கண்ணடிக்கிறார் என்று தப்பாக எண்ணுவார்கள். கழுத்துக்கு வந்தால் தலை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிடும். அப்படிப்பட்டவர் நாடியில் ஒரு விரலை மெல்ல வைத்தவுடன் சிலவேளை தலை நேராகிவிடும். “பார்த்தாயா, நினைத்தால் நேராக வைக்கிறார்” என்று ஊர் சொல்லும். உண்மையில் அந்தத் தொடுகைக்கு அடங்குவது இந்நோயின் அடையாளங்களில் ஒன்று. பேய் பிடித்தது என்று அலைக்கழிக்கப்படுகிறவர்களில் இத்தகைய நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பதை நினைக்க மனம் வருந்துகிறது.

இவர்களுக்கெல்லாம் இன்று கொடுக்கப்படும் மருந்துகளுள் முக்கியமானது பொட்டுலினம் நஞ்சு. ஆம், நஞ்சுதான். பத்திரிகை விளம்பரங்களில் முகச்சுருக்கம் நீக்கும் ‘பொட்டொக்ஸ்’ ஊசி என்று நீங்கள் கண்டிருப்பது இதுவே.

இறந்தவீட்டுச் சாப்பாட்டிலிருந்து

ஜெர்மனியின் வூர்ட்டம்பேர்க் பகுதியில் பதப்படுத்திய இறைச்சிக்குழல்களை உண்டவர்கள் கண்ணிமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சடைத்து இறந்து வந்தார்கள். யுஸ்டினஸ் கேர்னர் என்ற வைத்தியர் அந்த நஞ்சை ஆராய்ந்து 1822இல் நூல் எழுதினார். அவர் ஒரு கவிஞரும்கூட. நஞ்சைத் தாமே சிறிது உட்கொண்டும் பார்த்தார். நல்ல காலம், பிழைத்துக்கொண்டார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், தசைகள் அடங்காது துள்ளும் நோய்களுக்கு இது மருந்தாகலாம் என்று அன்றே எழுதிவைத்தார். அவர் நினைத்த நோய்களில் ஒன்று, ஐரோப்பிய மக்கள் புனித வித்துஸ் நடனம் என்று அழைத்த வலிப்பு. வேதசாட்சியான அந்தப் புனிதரை வேண்டினால் குணமாகும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர் அது.

1895இல் பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற கிராமத்தில் ஓர் இறந்தவீட்டில் வாத்தியம் வாசிக்கப் போனவர்கள், அங்கே உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியை உண்டு நோயுற்றார்கள்; மூவர் மாண்டார்கள். எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் மிஞ்சிய இறைச்சியிலிருந்தே கிருமியைக் கண்டுபிடித்தார். இலத்தீனில் ‘பொட்டுலுஸ்’ என்றால் இறைச்சிக்குழல். பெயர் அங்கிருந்து வந்தது.

இந்தக் கிருமி, ஏற்புவலியை உண்டாக்கும் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஆனால் வேலை எதிர்மாறு. ஏற்பு நஞ்சு தசைகளை வில்லாக விறைக்க வைக்கும். பொட்டுலினம் நஞ்சு அவற்றைச் சோர்ந்து தளர வைக்கும்.

எப்படித் தளர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நரம்பு தசையை நேரே இழுப்பதில்லை. நரம்பின் நுனியில் அசற்றைல்கோலின் என்ற பொருள் சிறு சிறு பைகளில் இருக்கிறது. கட்டளை வந்ததும் பை திறந்து, அந்தப் பொருள் தசையில் பட்டு, தசை இறுகுகிறது. ஊசியால் ஏற்றப்பட்ட நஞ்சு நரம்பு நுனிக்குள் புகுந்து, பை திறப்பதற்கு வேண்டிய புரதத்தை வெட்டிவிடுகிறது. கடிதம் எழுதியாயிற்று, தபாற்பெட்டிக்குத்தான் பூட்டு. கட்டளை தசைக்குப் போய்ச் சேராததால் தசை ஓய்ந்திருக்கும். நாளடைவில் நரம்பு நுனி புதிதாகத் தளிர்விட்டும் பழையதைச் சீர்செய்தும் மீண்டும் வேலைக்கு வந்துவிடும். இதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும்.

இந்த ‘மூன்று மாதம்’ என்பதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஊசியின் பலன் சில நாட்களில் தொடங்கி, இரண்டு கிழமை அளவில் முழுமையாகி, மூன்று மாதத்தின் பின் தேய்ந்துவிடும். நோயின் வேர் மூளையில் இருக்க, நாம் தசையைத்தான் அமைதிப்படுத்துகிறோம். ஆகவே பலன் கண்டவர்கள் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டியிருக்கும். அவசரப்பட்டு இடைவெளியைக் குறைக்கக் கூடாது. அடிக்கடி போட்டால் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி, பிறகு மருந்து வேலை செய்யாமலே போகலாம்.

கண்ணில் தொடங்கியது

இதை மருந்தாக்கிய பெருமை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரக் கண் வைத்தியர் அலன் ஸ்கொட் என்பவருக்கு உரியது. வாக்குக்கண்ணைச் சத்திரசிகிச்சையின்றி நேராக்க வழி தேடியவர் அவர். குரங்குகளில் செய்த சோதனையை 1973இல் வெளியிட்டார்; மனிதருக்குக் கொடுத்துக் கண்ட முடிவை 1980இல் வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு வாக்குக்கண்ணுக்கும் இமைப்பிடிப்புக்கும் இதை அனுமதித்தது. அழகுக்கான உபயோகம் பிறகு வந்ததே. கனடாவின் வன்கூவர் நகரில் இமைப்பிடிப்புக்கு ஊசி போட்ட ஒருவரின் நெற்றிச் சுருக்கமும் மறைந்ததைக் கண் வைத்தியரான ஜீன் கருதர்ஸ் கவனிக்க, தோல் வைத்தியரான கணவர் அலஸ்ரெயருடன் சேர்ந்து 1992இல் அதைப் பற்றி எழுதினார். பத்து ஆண்டு கழித்து, 2002இல், அமெரிக்காவில் அதற்கும் அனுமதி கிடைத்தது. பின்னால் வந்தது முன்னால் போய் நிற்கிறது. இந்த ஊசி என்றதும் பலருக்கு நினைவு வருவது நடிகையின் நெற்றி. வாய்திறந்து உண்ணமுடியாத நோயாளி நினைவுக்கு வருவதில்லை.

இன்று கழுத்து திரும்பும் நோய்க்கும், முகத்தின் ஒரு பாதி துடிக்கும் நோய்க்கும், அக்குளில் அளவுகடந்து வியர்ப்பதற்கும், சிறுநீர்ப்பை அடங்காமல் சுருங்குவதற்கும், ஓயாது எச்சில் வடிவதற்கும் இது பயன்படுகிறது. மாதத்தில் பதினைந்து நாளுக்குக் குறையாமல் தலைவலியால் வருந்தும் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரருக்கு, தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் சிறிது சிறிதாகப் போடுவார்கள். எப்போதாவது வரும் தலையிடிக்கு இது மருந்தல்ல.

எழுதுவோர் கைப்பிடிப்புக்கு வருவோம். நெதர்லாந்தில் நாற்பது நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெறும் நீர்மமும், யாருக்கு எது என்று தெரியாதபடி கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்ற 20 பேரில் 14 பேர் பலன் கண்டு, தொடர்ந்து போட விரும்பினார்கள். வெறும் நீர்மம் பெற்று இறுதிவரை இருந்த 19 பேரில் 6 பேரும் அப்படியே சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம்பிக்கைக்கும் ஒரு பலம் உண்டு. ஆயினும் வித்தியாசம் தெளிவானது. பக்கவிளைவாகக் கையில் தற்காலிகப் பலவீனம் வந்தது. இங்கேதான் வைத்தியரின் திறமை வேண்டும். பிடிப்பு அடங்கவேண்டும், ஆனால் பேனை நழுவக் கூடாது. முன்கையில் அடுத்தடுத்து இருக்கும் தசைகளில் எது பிழைசெய்கிறது என்று, எழுதச் சொல்லிப் பார்த்து, பலவேளை தசையின் மின்னோட்டத்தைக் காட்டும் கருவியின் உதவியோடுதான் ஊசியை ஏற்றுவார்கள். வாசனைத் திரவியத் தோட்டங்களில் விற்கும் எண்ணெய்களைத் தேய்த்துப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். தேய்ப்பதால் கைக்கு இதமாக இருக்கும். பிழையான கட்டளையை எண்ணெய் நிறுத்தாது.

பாரிசவாதமும் பிள்ளைகளும்

நம் குடும்பங்களில் கூடுதலாகக் காண்பது பாரிசவாதத்தின் பின் விறைத்துப்போன கை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்து, நகம் சதையில் ஏறி, உள்ளே வியர்த்துப் புண்ணாகி நாறும். கழுவிவிடும் மகளுக்கும் வேதனை, தகப்பனுக்கும் வேதனை. இந்தக் கைக்கு ஊசி போட்டால் விறைப்புத் தளரும். விரலைத் திறந்து கழுவலாம், நகம் வெட்டலாம், சட்டையின் கையை நோகாமல் நுழைக்கலாம். இதற்கு மேல் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். பாரிசவாதத்தால் போன பலத்தை ஊசி திருப்பித் தராது. ஆனால் ஒவ்வொரு காலையும் கூச்சலும் கண்ணீருமாக நடந்த காரியம் அமைதியாக நடப்பது சிறிய காரியமா?

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் சிலர் குதிக்கால் நிலத்தில் படாமல் நுனிவிரலில் நடப்பார்கள். கெண்டைக்கால் தசையில் போடப்படும் ஊசி குதியைத் தாழ்த்த உதவும். அந்த மூன்று மாதத்துக்குள்தான் இயன்மருத்துவர் சொல்லும் பயிற்சிகளையும் கால்பட்டையையும் விடாமல் செய்யவேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருத்தினால் போட்ட ஊசி வீண். தசைநார் ஏற்கனவே சுருங்கி இறுகிப்போன பிள்ளைக்கு ஊசி அதிகம் உதவாது. வேறு சிகிச்சை வேண்டியிருக்கும். ஆகவே பிள்ளையைக் காலதாமதமின்றிக் காட்டுவது நல்லது.

அஞ்சவேண்டியது எது

ஒரு சிறு குப்பியில் உள்ள நஞ்சு, ஒரு மில்லிகிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒருசில பங்குதான். அவ்வளவு கொடியது. மருந்தை அலகுக் கணக்கில் அளப்பார்கள். ஒரு கம்பனியின் அலகும் இன்னொரு கம்பனியின் அலகும் ஒன்றல்ல. ஆகவே போன முறை எந்த மருந்து, எத்தனை அலகு என்று துண்டில் எழுதி வாங்கி வைத்திருங்கள்.

போட்ட இடத்தில் நோவும் கண்டலும் சாதாரணம். கண்ணருகே போட்டால் இமை சில கிழமை தொங்கலாம். கழுத்தில் போட்டால் விழுங்கச் சிரமம் வரலாம். சிறுநீர்ப்பையில் போட்டால் சிறுநீர் கழியாமல் சிலகாலம் குழாய் வைக்க நேரலாம். இவை மறைந்துவிடும். ஆனால் ஊசி போட்டுச் சில மணி நேரத்திலோ சில கிழமைகளிலோ பேச்சுக் குழறி, விழுங்க முடியாமல், மூச்சு வாங்கினால், நஞ்சு பரவியிருக்கலாம். இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அமெரிக்க அரசு 2009இல் இந்த எச்சரிக்கையை மருந்துப் பெட்டியோடு வரும் குறிப்பின் தலைப்பிலேயே அச்சிடச் செய்தது. தசைகள் எளிதில் சோரும் மயஸ்தீனியா என்ற நோய் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அவ்வாறே.

ஆபத்து அதிகமாக வந்திருப்பது மலிவைத் தேடிப் போனவர்களுக்கு. 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மனிதருக்கு உரியதல்லாத ஆய்வுகூட நஞ்சை அழகுக்காக ஏற்றியதில் நால்வர் முடங்கி, இயந்திரத்தால் சுவாசிக்கும் நிலைக்குப் போனார்கள். 2023இல் உடல் மெலிவதற்காகத் துருக்கியில் இரைப்பையில் இந்த ஊசி போட்டுக்கொண்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி நோயுற்றார்கள். வாசகர்களே, அழகுநிலையத்துக் கதிரையில் இருந்துகொண்டு இந்த ஊசிக்குக் கையையோ முகத்தையோ நீட்டாதீர்கள். இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற, இதில் பழக்கமுள்ள வைத்தியர்தான் போடவேண்டும்.

ஊசியை விட்டு, அதே நஞ்சு வீட்டுக்குள் வரும் ஒரு வழியையும் சொல்லாமல் விடமுடியாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. பாட்டிமார் ஆசையோடு செய்வது. தேனில் இந்தக் கிருமியின் வித்திகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காமல் போய்விடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்ச முடியாமை, மெலிந்த அழுகை, தொங்கும் இமை, துணிபோலத் துவளும் உடல். வீட்டில் கொதிக்கவைப்பதால் அந்த வித்திகள் சாவதில்லை. ஆகவே ஒரு வயதுவரை தேன் ஒரு துளியும் வேண்டாம். பாட்டி கோபித்தால் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஊதிப் பருத்த தகரப்பேணி உணவையும், மலிவாகக் கிடைத்தாலும், வீசிவிடுங்கள்.

கையோ கழுத்தோ இமையோ மேலே சொன்னபடி பிழைத்திருப்பவர்கள், அருகில் உள்ள அரசாங்க வைத்தியசாலையில் முதலில் காட்டி, நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். மாத்தளைப் பக்கத்தவர்களுக்குக் கண்டித் தேசிய வைத்தியசாலை சமீபம். மருந்து விலைகூடியது; அரசாங்கச் செலவில் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று கிளினிக்கில் கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். எழுதுவோர் கைப்பிடிப்பு உள்ளவர்கள் போகும்போது வழமையாக எழுதும் பேனையையும் ஒரு கொப்பியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். சும்மா நீட்டிய கையில் வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது. மேசையில் கொப்பியை வைத்து அவர் முன்னால் நாலு வரி எழுதிக் காட்டுங்கள்.